ஆயுத பூஜையன்று பேசிய மெஷின்

தம்பி,

இவ்வளவு நீளமாகக் கடிதம் எழுதுகிறேனே என்று பயப்படாதே, சந்தோஷத்தில்தான். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பாதியில் சிரித்துவிடுவேன், நீ பாதியில் "அம்மா, மீட்டிங்" என்பாய், உங்கப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "அப்படி இல்ல, இப்படி" என்று குறுக்கே விழுவார். அதனால்தான் எழுதுகிறேன். தீபாவளி முடிந்ததும் நீ ஜெர்மனிக்கு விமானம் ஏறுகிறாய். தொழிற்சாலையில் மெஷினும் மெஷினும் என்ன பேசிக்கொள்கின்றன, நடுவில் யாராவது ஒட்டுக் கேட்கிறார்களா, புகுந்து கெடுக்கிறார்களா என்று பார்ப்பதுதான் உன் உத்தியோகம் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். சொல்லும்போது எனக்கே பாதிதான் புரிந்திருந்தது. இப்போது முழுசாகப் புரிந்துவிட்டது. பூதலூர்ப் பக்கத்தில், நம் சொந்த நெல் டிரையரில், அந்த வேலையை நானே செய்து பார்த்துவிட்டேன். அதில்தான் நம்மிடம் மெஷின் பார்க்கிற சுமதியின் வேலையும் பேரும் போக இருந்து, போகாமல் நின்றன. அந்தக் கதையைச் சொல்லவும், உன்னிடம் ஒன்று கேட்கவும்தான் இந்தக் கடிதம்.

உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், சலித்துக்கொள்ளாதே. நம் பக்கத்தில் டிரையர் வைத்திருக்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் இதைப் போடப் போகிறேன். அவர்களுக்கு முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும். குறுவை அறுப்பு நேரத்து வானம் எப்படிப்பட்டது என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அறுவடை மெஷின் வயலை விட்டு ஏறுவதற்குள் மழை பிடித்துக்கொள்ளும். ஈரம் கூடுதலாக இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். அப்படியே குவித்து வைத்தால் சூடேறி முளை விட்டுவிடும். அதனால் நம்மிடம் டிராக்டர் டிராக்டராக நெல் வருகிறது, காயவைத்துக் கொடுக்கிறோம். இந்தக் குறுவைக்குச் சற்று முன்புதான் பழைய டிரையரைக் கழித்துவிட்டுப் புதியதை நிறுத்தினோம். இது எல்லாவற்றையும் தானே செய்கிற மெஷின். நெல்லுக்குள் நிற்கும் சென்சார் ஈரத்தை அளந்து ஓர் எண்ணைச் சொல்லும். மெஷினை நடத்துகிற பேனல் அந்த எண்ணைக் கேட்டுச் சூட்டைக் கூட்டும், குறைக்கும். முதல் சில மணி நேரம் மட்டும் யார் என்ன சொன்னாலும் கேட்காமல் ஓடும். அதற்குப் பிறகு ஈரம் பதினான்கு சதவீதத்துக்கு இறங்கிவிட்டது என்று சென்சார் சொன்னதும் அடுப்பை அணைத்து, நெல்லை இறக்கச் சொல்லி மணி அடிக்கும்.

அந்த மணிதான் வம்பு. பகலில் மணி அடித்து இறக்கிய நெல்லுக்குள் கையை விட்டால் வெதுவெதுவென்று ஈரம் ஒட்டியது. கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனவர்கள் அப்படியே திரும்பி வந்து வண்டியை நம் வாசலில் நிறுத்திச் சத்தம் போட்டார்கள். ராத்திரி ஷிப்டில் இறக்கிய நெல்லோ கலகலவென்று காய்ந்திருந்தது. பகலில் பேனலைப் பார்ப்பது சுமதி. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு நம்மிடம் வந்தவள். கைக்குழந்தையைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டுப் பஸ் பிடித்து வருகிறாள், அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கிறது. உங்கப்பாவுக்கு உடனே ஒரு கதை கிடைத்துவிட்டது. சாயந்திர பஸ் போய்விடுமே என்று சுமதி சென்சாரை நெல்லிலிருந்து வெளியே இழுத்துவிடுகிறாள், சூடான காற்றில் அது காய்ந்த கணக்குக் காட்டுகிறது, மெஷின் ஏமாந்துபோய் நிற்கிறது. கேட்டால் எனக்கும் பொருத்தமாகத்தான் பட்டது. அப்போதுதான் நீ சென்னையிலிருந்தே பேனலின் பதிவைத் திறந்து பார்த்தாய். "ரெக்கார்டு சுத்தமா இருக்குப்பா. சென்சார் சொல்லித்தான் மெஷின் நின்னுருக்கு. மெஷின் மேல தப்பு இல்ல, ஆள்தான் யாரோ கை வைக்கிறாங்க" என்றாய். உங்கப்பாவுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

எடைமேடை பக்கத்தில், லோடுமேன்கள், டிரைவர்கள், நெல் கொண்டுவந்தவர்கள் எல்லாரும் நிற்கும்போது அவளைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னார். பூஜையோடு நின்றுகொள், பிறகு வர வேண்டாம், என் மகனே பார்த்துச் சொல்லிவிட்டான் என்றார். சுமதி எப்போதும் வாய்க்கு வாய் பதில் சொல்கிறவள். அன்றைக்கு அவரை விட்டுவிட்டு நேராக ஆபீசுக்கு வந்து சாவியை என் மேஜைமேல் வைத்துவிட்டு, "மழையில பஸ் வராதுன்னு நான் உங்க வீட்லயே தங்குன அன்னைக்கும் நெல்லு ஈரமாத்தானேம்மா வந்துச்சு? அன்னைக்கு எந்த பஸ்ஸுக்கு நான் ஓடுனேன்?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. உண்மைதான். மழையில் பஸ் வராத அன்று அவள் நம் வீட்டில்தான் சாப்பிட்டாள், என்னோடுதான் டி.வி. பார்த்தாள். அன்று பகல் இறக்கிய நெல்லும் ஈரம். இதை அப்பாவிடம் சொன்னேன். "நீ அவளுக்கு வக்கீலா?" என்று ஒரே சொல்லில் என்னை உட்கார வைத்துவிட்டார்.

உட்கார்ந்தேனே தவிர மனசு உட்காரவில்லை. அப்புறம்தான் உன்னைப் பிடித்தேன். நான் நச்சரித்தது தாங்காமல், சும்மா இருக்கட்டும் என்றுதான் நெட்வொர்க்கில் யார் யார் இருக்கிறார்கள் என்று தேடிப் பார்க்கிற அந்த ஸ்கேனை நீ என் லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தாய் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் நீ சயின்ஸ் படித்துவிட்டு வந்து என்னிடம் ஒப்பிப்பாய், நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே "ம்" போடுவேன். இந்தத் தடவை நான் கேட்க, நீ "ம்" போட்டாய். ஆனாலும் நன்றாகச் சொல்லிக் கொடுத்தாய், அதைக் குறை சொல்ல மாட்டேன். நெட்வொர்க்கில் இருக்கிற ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. நம் லேப்டாப் ஒவ்வோர் எண்ணாகக் கூப்பிட்டு, யாராவது இருக்கிறீர்களா என்று கேட்கும். இருக்கிறவர்கள் பதில் சொல்வார்கள். பிறகு ஒவ்வொருவரிடமும் எந்தெந்தக் கதவு திறந்திருக்கிறது என்று தட்டிப் பார்க்கும். எங்கே கதவு திறந்திருக்கிறதோ அந்த வழியாகத்தான் நல்லவனும் போவான், கெட்டவனும் போவான். நம் வீட்டுக் கதவை நாம் தட்டலாம், அடுத்தவர் வீட்டுக் கதவை அவர்களைக் கேட்காமல் தட்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாய். எனக்கு அது பிடித்திருந்தது.

மெதுவாகத் தட்டு என்றும் சொன்னாய், அதைத்தான் நான் காதில் வாங்கவில்லை. முதல் தடவை, டிரையர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, வேகமான ஸ்கேனைத் தட்டிவிட்டேன். கருப்புத் திரையில் வரி வரியாக எழுத்து ஓடுவதைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன், வெளியே எலிவேட்டர் நின்றுவிட்டது. நெல்லை மேலே தூக்கும் அந்த எலிவேட்டரின் பேனல் ரொம்பப் பழையது. இத்தனை கேள்வியை ஒரே மூச்சில் யாரும் அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது, திகைத்துப்போய் அப்படியே உறைந்துவிட்டது. கீழே நெல் குவிகிறது, உங்கப்பா குதிகுதியென்று குதிக்கிறார், எலக்ட்ரீஷியன் அணைத்துப் போட்ட பிறகுதான் அது மறுபடி கண் விழித்தது. நான் லேப்டாப்பை மூடி அதன்மேல் கொள்முதல் பாரங்களை அடுக்கிவிட்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரி உட்கார்ந்துகொண்டேன். இன்றைக்குத்தான் உங்கப்பாவுக்கு அந்த ரகசியம் தெரியப் போகிறது.

உன்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு நீதான் வழி சொன்னாய். மெஷின்களை அணைத்துவிட்டு ஒரு தடவை ஸ்கேன் பண்ணு, போட்டுவிட்டு ஒரு தடவை மெதுவாகப் பண்ணு, இரண்டாவதில் புதிதாக வருவதெல்லாம் மெஷின் என்றாய். சொல்வது சுலபம். அறுப்புக் காலத்தில் டிரையரை அணைக்க யார் விடுவார்கள்? வருஷத்தில் ஒரே நாள்தான் எல்லாம் ஓயும். அது ஆயுத பூஜை. அன்றைக்கு மெஷினுக்குக் குளியல், விபூதிப் பட்டை, சந்தனம், குங்குமம், மாலை. மெஷின்களின் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டால் மறுநாள் விஜயதசமி வரை எதையும் தொடக் கூடாது. நெல் நனைந்தாலும் சரி, வானம் இடிந்தாலும் சரி, உங்கப்பா அந்த ஒரு நாளை விட்டுத் தர மாட்டார். எனக்கு அதைவிட நல்ல நாள் எங்கே கிடைக்கும்? பொரி, கடலை, பொட்டலமெல்லாம் கொடுத்து ஆட்களை அனுப்பினோம். சுமதி வரவில்லை. அவளுக்கு எடுத்து வைத்த பொட்டலம் மேஜைமேல் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் லேப்டாப்பைத் திறந்தேன்.

மெஷின்களெல்லாம் மாலை போட்டுக்கொண்டு தூங்குகின்றன. ஆபீசுக்குக் கரண்ட் லைன் தனி, அதனால் கேமராக்களும் நெட்வொர்க் பெட்டியும் ஓடிக்கொண்டிருக்கின்றன. கேமராக்கள் பதில் சொல்லும், ஆபீஸ் கம்ப்யூட்டர் சொல்லும், என் போன் சொல்லும், வேறு யாரும் இருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு தட்டினேன். எல்லாம் வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. நீ எழுதிக் கொடுத்த எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால், அது டிரையருக்குள் நிற்கிற ஈர சென்சாரின் எண். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுந்து ஓடினேன். சென்சாரில் விளக்கு இல்லை, உயிர் இல்லை, காலையில் நான் அப்பிய சந்தனம் மட்டும் இருக்கிறது. திரும்ப ஓடிவந்து, நீ காட்டிய மாதிரி அந்த எண்ணை பிரவுசரில் போட்டேன். ஒரு பக்கம் திறந்தது. ஈரம் பன்னிரண்டு என்று எழுதியிருந்தது. பார்க்கப் பார்க்க அதே பன்னிரண்டு. கரண்டே இல்லாத ஒரு சென்சார், நெல்லே இல்லாத டிரையரில், எந்த நெல்லை அளந்து பன்னிரண்டு சொல்கிறது? தம்பி, அந்த நிமிஷம் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பயமா என்றால் பயமில்லை. சின்ன வயதில் ஒளிந்து விளையாடும்போது கதவுக்குப் பின்னால் யாரோ மூச்சு விடுவது கேட்குமே, அந்த மாதிரி.

உன்னை வீடியோவில் கூப்பிட்டேன். நீயும் எழுந்து உட்கார்ந்துவிட்டாய், "ம்" எல்லாம் காணாமல் போய்விட்டது. ஒரே எண்ணில் இரண்டு பேர் இருக்கிறார்கள் அம்மா, அதில் ஒருவர் இப்போது தூங்குகிறார், இன்னொருவர் முழித்திருக்கிறார் என்றாய். நெட்வொர்க் பெட்டியிலிருந்து ஒவ்வொரு ஒயராகக் கழற்று, எதைக் கழற்றும்போது பதில் நிற்கிறதோ அந்த ஒயரின் மறுமுனையில் ஆள் இருக்கிறான் என்றாய். கழற்றினேன், மாட்டினேன், கழற்றினேன், மாட்டினேன். சாம்பல் நிற ஒயர் ஒன்றைக் கழற்றியதும் பன்னிரண்டு செத்துவிட்டது. போனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு அந்த ஒயர் போகிற வழியிலேயே போனேன். சுவரோரமாகப் போய், ஆபீஸ் ஜன்னலுக்கு மேலே ஏறி, நேராகச் சாமி மாடத்துக்குள் நுழைந்தது.

அங்கே என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும், குழுவில் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் மாமனார் ஊரார் வயலில் கூலிக்கு அறுத்தவர். அவர் மகன் கடன் வாங்கி, செகண்ட் ஹேண்டில் ஒரு டிரையர் வாங்கி நிறுத்தினார். நிலம், வீடு, உன் படிப்பு எல்லாம் அந்த டிரையர் சம்பாதித்தது. பழைய இரும்புக்காரன் அதை வெட்டி எடுத்துப் போகும்போது, ராசியான மெஷின் என்று இவர் அதன் ஈர சென்சார் பெட்டியை மட்டும் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டார். அதைச் சாமி படங்களுக்குக் கீழே வைத்தார். பச்சை விளக்கு எரிய வேண்டும் என்று கரண்ட் கொடுத்தார். ஒயரை மாட்டாவிட்டால் அது கீ கீ என்று கத்தியது, சாமி மாடத்தில் கத்தலாமா என்று எலக்ட்ரீஷியனை விட்டு நெட்வொர்க் ஒயரையும் மாட்டினார். அதோடு தொங்கிக்கொண்டிருந்த ஈரம் பார்க்கும் கம்பியை எங்கே வைப்பது என்று யோசித்து, முன்னால் மரக்கால் நிறைய நெல் வைத்திருக்கிறோமே, அதில் ஊதுபத்தி குத்துகிற மாதிரிக் குத்தி வைத்துவிட்டார்.

சாமி முன்னால் இருக்கிற நெல் காய்ந்த நெல்லில்லாமல் வேறென்ன? பன்னிரண்டு என்று அது சொன்னது சத்தியமான உண்மை. புதிய டிரையர் நிறுத்த வந்த ஆட்கள், நெட்வொர்க்கில் எதையும் மாற்ற வேண்டாம் என்று பழைய சென்சாரின் எண்ணையே புதிய சென்சாருக்கும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பழையது இரும்புக் கடைக்குப் போய்விட்டது என்று அவர்கள் நினைப்பு. கல்யாண வீட்டில் "மாமா" என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்களே, அந்த மாதிரி, பேனல் "ஈரம் என்ன?" என்று கேட்டால் இரண்டும் வாயைத் திறந்திருக்கின்றன. யார் முந்துகிறார்களோ அவர்கள் சொல்வதுதான் வேதவாக்கு. சரி, ராத்திரியில் மட்டும் ஏன் தப்பு வரவில்லை? அதைத்தான் நீ கேட்டாய், எனக்கு அப்போதே பதில் தெரிந்துவிட்டது. ஆபீசைப் பூட்டும்போது சாமி மாடத்துச் சுவிட்சை நான் அணைத்துவிட்டுப் போகிறேன். காலையில் வந்ததும் விளக்கேற்றி, சீரியல் பல்பைப் போட்டு, அந்தப் பெட்டியின் சுவிட்சையும் போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன். சுமதி உள்ளே வருகிற நேரமும் அதுதான். அவள் மேல் பழி விழ வேண்டிய நேரத்துக்கு, தினமும் பக்தியோடு சுவிட்ச் போட்டு வைத்தது நான்.

அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். முதலில் சிரித்தார். சாமி மாடத்துக்கும் டிரையருக்கும் என்ன சம்பந்தம், பண்டிகை நாளில் என்ன விளையாட்டு என்றார். வாதாடாமல் விட்டுவிட்டேன். விஜயதசமி காலையில் மெஷின்களைப் போட்டதும் சாமி மாடத்துப் பெட்டியை அணைத்தே வைத்தேன். பகல் முழுக்க டிரையர் ஓடி, மணி அடித்து, நெல்லை இறக்கினோம். அவரே ஒரு நெல்மணியை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தார். டக்கென்று உடைந்தது. அடுத்த லோடு சில மணி நேரம் ஓடிய பிறகு அவரைப் பேனல் முன்னால் நிறுத்திவிட்டு, நான் போய்ச் சாமி மாடத்துச் சுவிட்சைப் போட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு அவர் கண் முன்னாலேயே இருபத்துச் சொச்சத்தில் நின்ற ஈரம் ஒரே தாவில் பன்னிரண்டுக்கு விழுந்தது, மணி அடித்தது. உங்கப்பா முகத்தில் ஈயாடவில்லை. "அந்தப் புள்ளைய எல்லார் முன்னாடியும் நிக்க வச்சு பேசிட்டனே" என்று மட்டும் சொன்னார்.

அதே நாளில் மெதுவான ஸ்கேனையும் ஓட்டி முடித்தேன், நீ கூடவே போனில் இருந்தாய். அதில் தெரிந்ததையும் குழுவில் இருக்கிறவர்கள் கவனிக்க வேண்டும். லோடு ஏற்றக் காத்திருக்கிற டிரைவர்கள் படம் பார்க்கட்டும் என்று நம் வைஃபை பாஸ்வேர்டை எடைமேடைச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தோம். அந்த வைஃபையும் டிரையர் பேனலும் ஒரே நெட்வொர்க். பேனலின் கதவு பாஸ்வேர்டே இல்லாமல் திறந்து கிடந்தது. லாரியில் படுத்துக்கொண்டே ஒருவன் டிரையர் சூட்டை ஏற்றி இறக்கியிருக்கலாம். யாரும் செய்யவில்லை, நம் அதிர்ஷ்டம். ஒரே வாய்க்காலில் எல்லா வயலுக்கும் தண்ணீர் விட்டுவிட்டு மடையே கட்டாமல் இருந்திருக்கிறோம். இப்போது டிரைவர்களுக்கு வேறு வைஃபை, கேமராக்களுக்கு வேறு, மெஷின்கள் தனியாக. பேனலிடம் ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றுதான் பேச முடியும். கம்பெனிக்காரர்கள் போட்டு அனுப்பிய பாஸ்வேர்டுகளை எல்லாம் மாற்றினோம். சாக்பீஸ் எழுத்தை நானே ஈரத்துணி கொண்டு துடைத்தேன். டிரையர் காலியாகும்போதெல்லாம் ஒரு ஸ்கேன் ஓட்டி, போன தடவை இருந்தவர்கள்தான் இருக்கிறார்களா, புது ஆள் யாராவது பதில் சொல்கிறானா என்று பார்க்கிறேன். இப்படி ஒரு வேலையில் இவ்வளவு ருசி இருக்கும் என்று நீ ஏன்டா முன்னாலேயே சொல்லவில்லை?

மறுநாள் சாயந்திரம் நானும் அப்பாவும் சுமதி வீட்டுக்குப் போனோம். அவள் அம்மா நாற்காலி போட்டார், காபி கொடுத்தார். சுமதி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். அப்பா எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மழையைப் பற்றிப் பேசினார். பிறகு மரக்கால், கம்பி, பெட்டி எல்லாவற்றையும் சொன்னார். சுமதிக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டாள். அவர் முடித்துவிட்டு, நாளைக்கு வந்துவிடம்மா, சம்பளம் கூட்டிக் கொடுக்கிறேன் என்றார். அவள் முகம் மாறிவிட்டது.

"சம்பளம் இருக்கட்டும்ங்க ஐயா. பஸ்ஸுல வர்றப்ப உங்க லோடுமேனுங்க என்னப் பாத்து, கம்பியப் புடுங்குற பொண்ணுன்னு பேசிக்கிறாங்க. எங்க வச்சு என்னச் சொன்னீங்களோ அங்க வச்சு இதயும் சொல்லுங்க. அப்பறம் வர்றேன்."

உங்கப்பாவை உனக்குத் தெரியும். தப்பு என்று தெரிந்தால் ஆளுக்குத் தெரியாமல் ஒரு மூட்டை அரிசியை வீட்டில் இறக்குவாரே தவிர, வாயைத் திறந்து தப்பு என்று சொல்ல மாட்டார். எனக்கு நம்பிக்கையே இல்லை. ஆனால் மறுநாள் காலை எடைமேடைக்குப் பக்கத்தில் அவரே எல்லாரையும் கூப்பிட்டார். லோடுமேன்கள், டிரைவர்கள், நெல் கொண்டுவந்தவர்கள், எல்லாரும் வந்து நின்றார்கள். சுமதி கேட்டுக்கு வெளியே நின்றாள், உள்ளே வரவில்லை. அந்தப் பழைய பெட்டியையும் மரக்காலையும் அவரே தூக்கிக்கொண்டு வந்து எல்லார் நடுவிலும் வைத்தார்.

"நெல்லு ஈரமா வந்ததுக்கு சுமதி காரணம் இல்ல. இந்தப் பொட்டிய சாமின்னு வச்சேன், அது பொய்யான கணக்கச் சொல்லிருச்சு. விசாரிக்காம அந்தப் புள்ளயப் பேசினது நானு. தப்பு என் மேல" என்றார்.

சுமதி கேட்டைத் தாண்டி உள்ளே வந்தாள், அவரைப் பார்த்து ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான், நேராகப் பேனல் அறைக்குப் போய்விட்டாள். கல்யாணம் பண்ணிய நாளிலிருந்து உங்கப்பாவை நான் இவ்வளவு பெருமையாகப் பார்த்ததில்லை, இதையும் அவர் குழுவில் படித்தே தெரிந்துகொள்ளட்டும். கொஞ்ச நேரம் கழித்து சுமதி ஆபீசுக்கு வந்து, அந்த ஸ்கேனைத் தனக்கும் காட்டச் சொன்னாள். என்னைவிட அவளுக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. எலிவேட்டர் பேனலை மட்டும் தனியாக விட்டுவிட்டு மற்றதை ஸ்கேன் பண்ணுகிறாள், எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

தம்பி, இனி உன் விஷயத்துக்கு வருகிறேன், இதற்கு மேல் குழுவில் போட மாட்டேன். நீ போகிற இடத்தில் நம் டிரையரைப் போல எத்தனையோ மடங்கு பெரிய மெஷின்கள் இருக்கும். ரெக்கார்டைத் திறப்பாய், அது சுத்தமாக இருக்கும். நம் ரெக்கார்டும் சுத்தமாகத்தான் இருந்தது. ஈரம் பன்னிரண்டு என்று எழுதியிருந்தது, யார் சொன்ன பன்னிரண்டு என்று எழுதவில்லை. உன்னைக் கூப்பிடுவதற்கு முன்பே அந்த ஊரிலும் ஒரு சுமதியைக் குற்றவாளியாக நிறுத்தி வைத்திருப்பார்கள். உன்னிடம் கேட்பதே அவள்தான் காரணம் என்று உன் வாயால் சொல்ல வைக்கத்தான். யார் யார் பேசுகிறார்கள் என்று முழுசாகக் கேட்டு முடிக்கிற வரைக்கும் ஆளைக் காட்டாதே. நீ படித்தவன், நீ சொன்னால் மறுபேச்சு கிடையாது. எடைமேடையில் உங்கப்பா "என் மகனே சொல்லிட்டான்" என்றபோது, அதுவரை அவளுக்காக முணுமுணுத்துக்கொண்டிருந்த லோடுமேன்கள்கூட வாயை மூடிக்கொண்டார்கள்.

சாமி மாடத்தில் அந்தப் பெட்டியைக் கண்டுபிடித்த அன்று நீ போனில் "சூப்பர்மா" என்றாய். அதற்குப் பிறகு தினமும் பேசுகிறாய். பாஸ்வேர்டு மாற்றினாயா என்று கேட்கிறாய், வைஃபை பிரித்தாயா என்று கேட்கிறாய். சுமதி வந்துவிட்டாளா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. உனக்கு அக்கறை இல்லை என்று நான் நினைக்கவில்லை. வெட்கம். நீ என் வயிற்றில் பிறந்தவன், எனக்குத் தெரியாதா? அவளும் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் நேற்று உன் டிக்கெட் வந்துவிட்டது என்று நான் சந்தோஷமாகச் சொன்னபோது, "நல்லதும்மா" என்று சொல்லிவிட்டுப் பேனல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்பா சொல்லிவிட்டார். சுவிட்ச் போட்டது நான்தான் என்று நானும் அவளிடம் சொல்லிவிட்டேன். இன்னும் ஒருவர் பாக்கி. அவள் நம்பரை உனக்கு அனுப்பியிருக்கிறேன். பெட்டி கட்டுவதற்கு முன்னால் கூப்பிடு. நெட்வொர்க், ஒரே எண், இரண்டு பேர் என்று விளக்கம் சொல்ல ஆரம்பிக்காதே, அதெல்லாம் இப்போது அவளுக்கு உன் அளவுக்குத் தெரியும். பார்க்காமல் சொல்லிவிட்டேன் அக்கா என்று சொல். பகலில் கூப்பிட்டால் டிரையர் சத்தத்தில் கேட்காது, எடுக்காமல் விடுவாள். அதற்காக விட்டுவிடாதே, எடுக்கிற வரைக்கும் கூப்பிடு.

உன் அம்மா